லூர்தம்மா கழுவாத தொட்டி

ஒரு ஊர்ல ஒரு நர்ஸம்மா இருந்தா. பேரு லூர்து. நீ ம் கொட்டினாத்தான் கதை நகரும், கண்ணு. ம்? ஆங், அப்படி.

லூர்தம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ரூம்ல வேலை. கத்திரியைக் கொதிக்க வைப்பா. கையை முழங்கை வரைக்கும் சரக் சரக்குன்னு தேய்ப்பா. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒண்ணுகூட அவளைத் தாண்டி உள்ளே போக முடியாது.

அவ வீட்ல ஒரு கண்ணாடித் தொட்டி, அதுல மூணு தங்கமீன். ஒருநாள் தொட்டி டிக்குனு விரிசல் விட்டுடுச்சு. அப்புறம் புதுத் தொட்டி வாங்கினா. பழைய மணலு, கூழாங்கல்லு, தண்ணியை வடிகட்டுற பஞ்சு எல்லாத்தையும் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசு அலசுன்னு அலசினா. தொட்டி பளபளன்னு, வெறும் காத்துலயே செஞ்ச மாதிரி இருந்துச்சு. மீன்களை விட்டா.

கொஞ்ச நாள்ல ரெண்டு மீன் செத்து மிதந்துச்சு. ராசாத்தின்னு ஒண்ணுதான் மிச்சம். அது மேல வந்து பப்... பப்...னு வாயைத் திறந்துச்சு. லூர்தம்மா பதறிப்போய் அதை அள்ளி ஒரு வாளியில விட்டா.

அப்போ, அவகூட வேலை பார்க்கிற தில்ஷாத்கிட்ட சொன்னா. தில்ஷாத் லேப்ல உட்கார்ந்து கிருமியைப் பார்க்கிற பொண்ணு.

"அக்கா, நீங்க வீட்டை மட்டும் கழுவல. குடியிருந்தவங்களையும் சேர்த்துக் கழுவிட்டீங்க."

"யாரு குடியிருந்தா?"

"கிருமி."

"என் வீட்லயா!"

தில்ஷாத் விழுந்து விழுந்து சிரிச்சா. "மீன் போற மூச்சாவும் கக்காவும் அந்த மீனுக்கே விஷம்க்கா. அந்த விஷத்தைத் தின்ன, மணல்லயும் பஞ்சுலயும் ஒட்டிக்கிட்டு ஒரு கிருமிக் கூட்டம் இருக்கு. தின்னுட்டு அது வேற ஒரு விஷத்தை விட்டு வைக்கும். அதைத் தின்ன இன்னொரு கூட்டம். கடைசியில மிஞ்சறது செடிக்குச் சாப்பாடு."

மறுநாள் தில்ஷாத் அந்தக் கூட்டத்தை ஒரு சின்ன பாட்டில்ல கொண்டுவந்தா. உள்ளே லேசா கலங்கின தண்ணி, அவ்வளவுதான்.

"இதுக்குள்ள எத்தனை பேருடி?"

"நம்ம ஊர் ஜனத்தைவிட ஜாஸ்திக்கா."

லூர்தம்மா பாட்டிலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. பழைய தண்ணியைக் கொட்டிட்டு, மருந்து வாடை போக ஒரு நாள் முழுக்கத் திறந்து வெச்ச தண்ணியைத் தொட்டியில நிரப்பினா. பாட்டில் மூடியைத் திறந்தா. குளுக்... குளுக்... குளுக். ஒரு ஊரே இறங்கிப் போச்சு.

தில்ஷாத் ரெண்டு சின்னக் கண்ணாடிக் குழாயும் சொட்டு மருந்தும் குடுத்தா. "தொட்டித் தண்ணியை எடுத்துச் சொட்டு விட்டுப் பாருங்க. முதல் விஷம் இருந்தா முதல் குழாய் பச்சை, போயிட்டா மஞ்சள். ரெண்டாவது விஷம் இருந்தா ரெண்டாவது குழாய் ஊதா, போயிட்டா நீலம். மஞ்சளும் நீலமும் சேர்ந்து வந்தாத்தான் ராசாத்தியை விடணும். அதுவரைக்கும் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்க. அது அழுகினாத்தான் இவங்களுக்குச் சோறு. எதையும் கழுவாதீங்க!"

ம்? முழிச்சிருக்கியா? சரி.

லூர்தம்மா தீனி போடறதை அவ வீட்டுக்காரர் அருளப்பன் பார்த்தாரு.

"ஏம்மா, மீன் வாளியில கிடக்கு, சோறு தொட்டிக்கா?"

"விருந்தாளி வந்திருக்காங்க."

"ஒருத்தரையும் காணோமே!"

"தெரிய மாட்டாங்க."

"நல்ல விருந்தாளிங்க. காபி கேக்க மாட்டாங்க."

அப்புறம் தொட்டித் தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி வெளுத்துப்போச்சு. லூர்தம்மா கை தானா பிளீச்சிங் டப்பாவுக்குப் போச்சு. மூடியைத் திறந்தவ, அப்படியே நின்னா. "ஏங்க, இதை எங்கயாவது ஒளிச்சு வைங்க. எங்கன்னு எங்கிட்டயே சொல்லாதீங்க"ன்னா.

அப்புறம் பஞ்செல்லாம் பழுப்பாகி வழவழன்னு ஆயிடுச்சு. எடுத்துட்டா! குழாயடிக்கும் போயிட்டா! பைப்பைத் திருகப் போனா. அப்போதான், குழாய்த் தண்ணியிலயும் கிருமியைக் கொல்ற மருந்து கலந்திருக்குமேன்னு ஞாபகம் வந்துச்சு. 'உங்க வீட்டையா நான் தூக்கிட்டு வந்தேன்?'னு பஞ்சை அப்படியே கொண்டுபோய் வெச்சா.

அப்புறம் ஒருநாள், பச்சை மஞ்சளாச்சு! ஆனா ரெண்டாவது குழாய் கரு ஊதா. வாளியில ராசாத்தி தீனியைத் தொடல, ஒரு பக்கமா சாஞ்சு கிடந்துச்சு.

"தொட்டியில விட்டுடும்மா, பாவம்"னாரு அருளப்பன்.

"முதல் கூட்டம் முடிச்சிட்டாங்க. ரெண்டாவது கூட்டம் இன்னும் சாப்பிட்டுட்டு இருக்காங்க"ன்னு சொன்னா லூர்தம்மா. திறந்து வெச்ச தண்ணியால வாளித் தண்ணியை மெதுவா மாத்தினா. கண்ணு நிறைஞ்சுது, ஆனா விடல.

அப்புறம் ஒரு காலையில சொட்டு விட்டா. மஞ்சள். அடுத்த குழாய்... வானம் மாதிரி நீலம்!

சளக்! ராசாத்தி தொட்டிக்குள்ள போச்சு. அசையாம நின்னுச்சு. வாலை ஒரு வெட்டு வெட்டி ஒரு சுத்து வந்துச்சு. தீனியைக் கபக்குனு தின்னுச்சு. தின்னுட்டு, நூல் மாதிரி கக்கா போச்சு!

சிரிக்காதே. லூர்தம்மா சிரிக்கல. அந்தக் கக்காதானே ரெண்டு மீனைக் கொன்னுச்சு? மறுநாள் மறுபடி சொட்டு விட்டா. அதே மஞ்சள். அதே நீலம். யாரோ வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காங்க. சத்தமில்ல, காலடியில்ல.

அப்புறம் தொட்டிக்குள்ள ஒரு செடி நட வந்தா லூர்தம்மா. கையில ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. அது போற வரைக்கும் வெறும் தண்ணியில கையை அலம்பினா. தொட்டிக்கு முன்னால நின்னு, ரகசியமா கேட்டா: "உள்ளே வரலாமா?"

பஞ்சு வழியா குளுகுளு குளுகுளுன்னு தண்ணி ஓடிச்சு.

இப்பவும் ஓடுது. அந்த விருந்தாளிங்க தூங்கறதே இல்ல, ராசாத்திக்காக முழிச்சிருக்காங்க. கதை தண்ணிக்குள்ள போயாச்சு. நீ தூக்கத்துக்குள்ள போ, கண்ணு.