அமராவதி இறங்கும் உயரம்

“காரு தாழ்வாவும் இருக்கோணும், மெத்துன்னும் ஓடோணும். எந்த ஸ்பிரிங் போடறதுங்க அம்மணி?” என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

சுகந்தி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

குரு என்றால் வெண்தாடி வேண்டும் என்பவர்கள் இங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடர் ஐம்பதை நெருங்குகிறார். கோயமுத்தூர் கணபதியில் ஒரு சந்துக்குள் அவளுடைய பட்டறை. பந்தயக் கார்களுக்கு சஸ்பென்ஷன் பார்த்துக் கை பழகியவள். வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டதால் வெள்ளியங்கிரி அவளிடம் தொழில் கற்க வந்தார். அவர் அவளை அம்மணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் இல்லை.

“யார் காருங்ண்ணா?”

“நம்ம காருதானுங்க.”

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அந்தப் பழைய வெள்ளைக் கார் ஏற்கெனவே தரையோடு தரையாகக் கிடந்தது. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஸ்பிரிங்கின் நுனியில் கிரைண்டர் அறுத்த பிசிறு விரலில் குத்தியது.

வெள்ளியங்கிரி தலையைக் குனிந்துகொண்டார். ஸ்பிரிங்கை வெட்டுவது அந்தப் பட்டறையில் மகா பாவம். வேலைக்கு வந்த அன்றே அவள் சொல்லிவைத்த ஒரே கட்டளை அதுதான்.

அவள் திட்டவில்லை. “எதுக்குங்ண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் சொன்னார்.

அவர் மனைவி அமராவதிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் பிடித்து, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுகிற பெண்மணி அவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவரோடு காரில். பேரூர் கோயில், தங்கை வீடு, எங்கேயாவது. வர வர அந்தக் கால் மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. காரில் ஏறுவது பெரும்பாடாகிவிட்டது.

கல்லூரிப் பையன்களுக்கு நிதமும் கார் தாழ்த்துகிறோமே, நம் வீட்டுக் காரைத் தாழ்த்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மனைவியிடமும் சொல்லவில்லை, குருவிடமும் சொல்லவில்லை. வெட்டிவிட்டார்.

அமராவதி சுலபமாக ஏறி உட்கார்ந்தார். வெள்ளியங்கிரிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள்.

வழியெல்லாம் வேகத்தடை. நீளமான ஸ்பிரிங்குக்கென்று செய்த ஷாக் அப்சார்பர், வெட்டின ஸ்பிரிங்கோடு அமுங்க இடமில்லாமல் ஒவ்வொரு தடையிலும் அடியில் போய் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அமராவதியின் கை இடுப்புக்குப் போனது. அதுகூடப் போகட்டும். மண்டபத்து வாசலில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. சீட் மணைக்கட்டை உயரத்தில் கிடந்தால் யார்தான் எழுந்திருப்பது? பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. வெள்ளியங்கிரி அவர் அக்குளில் கையைக் கொடுத்து அப்படியே தூக்கி நிறுத்தினார். வீடியோக்காரர் லைட்டை அந்தப் பக்கம் திருப்பினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அமராவதி சொல்வது ஒன்றே ஒன்றுதான். நீங்க போயிட்டு வாங்க.

“கோவிச்சுட்டாக்கூடத் தேவலைங்க அம்மணி. கோவிக்கவும் மாட்டீங்கறா. இனி என்கூட எங்கியும் வரமாட்டாளோன்னு பயமா இருக்குதுங்க.”

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. சுகந்தி அதைப் பார்க்காதது போல உள்ளே போய் இரண்டு ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.

“நெட்டை இளகினது. அமுங்க இடம் கேக்கும். குட்டைக்கு இடம் கம்மி, அதனால வெறப்பா நிக்கும். நீங்க குட்டையோட தாழ்வும் கேக்கறீங்க, நெட்டையோட மெத்துனும் கேக்கறீங்க.”

“ஷாக்கைப் பார்த்துப் போட்டாச் சரியாகுமுங்களா?”

“ஷாக்கு பாரம் சுமக்காதுங்ண்ணா. ஆடுன ஸ்பிரிங்கை நிறுத்தறதுதான் அதுக்கு வேலை. எந்த ஸ்பிரிங்குன்னு தெரியாம ஷாக்கை எப்படிப் போடறது?”

“அப்ப எந்த ஸ்பிரிங்குங்க?”

“உக்கார்ற பாரத்தைக் கொண்டாங்க.”

அந்தப் பட்டறையின் வழக்கம் அது. காலிக் காருக்கு அங்கே உயரம் வைப்பதில்லை. பந்தயக்காரனோ பால்காரரோ, ஓட்டுகிறவரும் கூட வருகிறவரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உயரம் பார்ப்பார்கள்.

மறுநாள் வெள்ளியங்கிரி ஓர் அரிசி மூட்டையோடு வந்தார். அமராவதியின் எடைக்குக் கொஞ்சமும் கூடாமல் குறையாமல் நிறுத்துக் கட்டிய மூட்டை. லேத்தில் நூலிழை பிசகாமல் வேலை பார்த்த மனிதர் அல்லவா. முன் சீட்டில் அதை உட்காரவைத்து பெல்ட்டும் மாட்டிவிட்டார்.

சுகந்தி மூட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வேலையைத் தொடங்கினாள். வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தாள். உடம்பில் திருகு மரை வெட்டிய ஷாக்கும் அதற்கேற்ற குட்டை ஸ்பிரிங்கும் மாட்டினாள். மரையில் ஓடும் வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். வெள்ளியங்கிரி சொன்ன உயரத்துக்கே இறக்கிக் கொடுத்தாள். இருவரும் சந்து முனை வேகத்தடை வரை போய்வந்தார்கள். எதுவும் இடிக்கவில்லை. மூட்டை சாயக்கூட இல்லை.

“முடிஞ்சுதுங்களா அம்மணி?” வெள்ளியங்கிரியின் முகமெல்லாம் பல்.

சுகந்தி இறங்கி வந்து மூட்டைப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“எறங்குங்க அக்கா,” என்றாள்.

வெள்ளியங்கிரி சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். டீ வந்தது. குடிக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது. அவள் இன்னும் மூட்டை இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. குனிந்து மூட்டையைத் தூக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க தூக்காதீங்ண்ணா. அதுவா எறங்கட்டும்.”

வெள்ளியங்கிரி சீட்டைப் பார்த்தார். அரிசி மூட்டை பெல்ட் போட்டுக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருந்தது. வலிக்கிறது என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தூக்கினால் வரும், வைத்தால் இருக்கும்.

அமராவதியை அழைத்துவர வீட்டுக்குப் போனார்.

அமராவதி தன் ஸ்கூட்டரிலேயே வந்து இறங்கினார். கணவர் வீட்டில் என்ன சொல்லி அழைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூட்டையை எடுத்துவிட்டிருந்த முன் சீட்டில் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

வெள்ளியங்கிரி ஓடினார்.

“அண்ணா, வளையம் திருகற சாவியை எடுத்தாங்க,” என்றாள் சுகந்தி.

அவர் சாவியை எடுத்துவந்தார். அமராவதி மெல்லப் புரண்டு கதவைப் பற்றி எப்படியோ எழுந்தார். வளையத்தைத் திருகிக் காரை ஏற்றினார்கள். மறுபடி உட்கார்ந்தார்.

“இன்னும் ஏத்துங்க அம்மணி,” என்றார் அமராவதி.

“ஏத்துனா நீ எப்படி ஏறுவ?” வெள்ளியங்கிரி பதறினார்.

“முதல்ல சீட்டுல உக்காந்துக்குவேன். அப்பறம் காலைக் கையால எடுத்து உள்ள வெச்சுக்குவேன். கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள நீங்க பாத்து பாத்துன்னு தூக்கி உள்ள வெச்சுருவீங்க.”

வெள்ளியங்கிரி குனிந்து சாவியை வளையத்தில் மாட்டினார்.

ஏற்றினார்கள். கொஞ்சம் இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அமராவதி ஏறி இறங்கினார். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. ஜவுளிக் கடையில் தனக்கான சேலையைத் தானே எடுக்கும்போது வருகிற முகம் அது. கடைசியில் கார், கம்பெனி வைத்த உயரத்துக்கு ஒரு விரற்கடை தாழ்வாக வந்து நின்றது.

“இங்க,” என்றார் அமராவதி.

இப்போது அமுங்க இடம் தாராளமாக இருந்தது. சுகந்தி குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு நெட்டையை மாட்டினாள். ஷாக்கை அதற்கேற்ற இளக்கத்தில் வைத்தாள். புது ஸ்பிரிங்கிலும் அதே உயரம் வரும்வரை வளையத்தைத் திருகி, அமராவதியைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கார்ச் சாவியை வெள்ளியங்கிரியிடம் நீட்டினாள்.

சந்து முனை வரை அவர்கள் இருவர் மட்டும் போனார்கள். வேகத்தடை வந்தது. வெள்ளியங்கிரி சாலையைப் பார்க்காமல் மனைவியின் கையைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது.

திரும்பி வந்து நிறுத்தினார். சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.

அமராவதி காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். காலிப்பரின் பூட்டைச் சரிபார்த்தார். ஊன்றுகோலைத் தேடி எடுத்தார். பின்னால் ஒரு வேன்காரர் வழி கேட்டு ஹாரன் அடித்தார். வெள்ளியங்கிரியின் கை தன்னால் நீண்டது. பாதியில் அவரே அதை இழுத்து மடக்கி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அமராவதி கதவின் விளிம்பைப் பிடித்தார். ஒரு மூச்சு எடுத்தார். எழுந்து நின்றார். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டார்.

பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“எந்திரிச்சுட்டேன். இப்பக் குடுங்க கையை.”