மூன்று துளைகளின் ஆராய்ச்சி

வக்கீல் தேவசகாயம் முப்பது நாடுகளில் காப்புரிமை வழக்காடியவர். அவர் எழுந்தாலே எதிராளிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். சிங்கப்பூர் நடுவர் மன்றத்தில் அவர் எதிரே நின்றவள் இளம் வக்கீல் மரியசெல்வி. சீனியர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அவளுக்கு அது முதல் வெளிநாட்டு வழக்கு.

அவளுடைய கட்சிக்காரர் அருளப்பன், ஸ்ரீவைகுண்டத்து லேத் பட்டறைக்காரர். அவர் உருவாக்கிய வாழைநார் இயந்திரத்தைத் தன் கண்டுபிடிப்பு என்று பதிவுசெய்த ஒரு பெரிய நிறுவனம், அவருடைய பட்டறையையே மூடச் சொன்னது; அதற்காக வாதாட வந்தவர்தான் தேவசகாயம்.

"உங்களிடம் வரைபடம் உண்டா அம்மா? எங்கள் வடிவத்தில் ஒவ்வொரு துளைக்கும் நான்கு வருட ஆராய்ச்சி இருக்கிறது. காகிதமே இல்லாமல் எப்படி நிரூபிப்பீர்கள்?" என்று சிரித்தார் தேவசகாயம்.

மரியசெல்வி நிறுவனத்தின் பொறியாளரிடம் திரும்பினாள். "உங்கள் இயந்திரத்தின் மூடியில் இந்த மூன்று துளைகள் எதற்கு?"

"சூடு வெளியேற. இடத்தைக் கணக்கிட்டு வைத்தோம்."

அவள் சான்றாகக் கொண்டுவந்திருந்த அருளப்பனின் முதல் இயந்திரத்தின் மூடியைக் கழற்றித் திருப்பினாள். உள்பக்கம் 'திருச்செந்தூர்' என்று மங்கிய எழுத்து தெரிந்தது.

"இது காயலான் கடையில் வாங்கிய பழைய பஸ்ஸின் ஊர்ப்பலகை, ஐயா. இவை அதை பஸ்ஸோடு முடுக்கியிருந்த திருகாணித் துளைகள்."

தலைமை நடுவர் அளவுகோலால் இரண்டு மூடிகளையும் அளந்தார். துளைகளின் இடம் மயிரிழைகூட மாறவில்லை. அவர் பொறியாளரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த பஸ்ஸையும் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்களா?"