பகலில் எரியும் மெழுகுவத்தி

ஐரோப்பாவின் ஃபிளெமிஷ் ஓவியங்களைப் பற்றி எங்கே கூட்டம் போட்டாலும் பேராசிரியர் குலசேகரன்தான் பேசுவார். வேறு யாரையும் பேச விடமாட்டார். அன்று திருச்சிக் கல்லூரி ஒன்றில் பேசிக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு பழைய ஓவியம். பட்டப்பகலில் மெழுகுவத்தி எரிகிறது. நாற்காலியில் ஒருத்தி தூங்குகிறாள். பக்கத்துக் கட்டிலில் அவள் குழந்தை.

"சோம்பேறித்தனத்துக்கு ஓவியன் கொடுத்த சவுக்கடி இது" என்று மேசையைத் தட்டினார்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த அந்தோணியம்மா, "பாவம் அவ" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "இந்தப் படத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் இல்லாத ஒன்றைச் சொல். முடியாவிட்டால் நாளையிலிருந்து இங்கே டீ கொண்டு வராதே."

அந்தோணியம்மா கேனைக் கீழே வைத்தாள்.

"கட்டிலோரமா இருக்குற கிண்ணத்து விளிம்புல ஈரத்துணி தொங்குதுங்கய்யா. விடிய விடிய புள்ள நெத்தியில போட்டு எடுத்திருக்கா. புள்ள போர்வைய உதைச்சுத் தள்ளியிருக்கு, வேர்த்துக் காய்ச்சல் விட்டிருக்கு. அதுக்கப்புறந்தான் இவ கண்ணசந்திருக்கா. மெழுகுவத்திய அணைக்க யாருக்கு ஞாபகம் வரும்?"

எல்லோரும் படத்தை மறுபடி பார்த்தார்கள். துணி தொங்கியது. போர்வை தரையில் கிடந்தது. முந்நூறு பக்கத்தில் இரண்டுமே இல்லை.

"அதெப்படி..." என்று குலசேகரன் குரலை உயர்த்தினார்.

"மெதுவாப் பேசுங்கய்யா. இப்பத்தான் தூங்குறா."

அவர் மைக்கைத் தள்ளி வைத்தார். மீதியைத் தாழ்ந்த குரலில் பேசி முடித்தார். குடித்த டீ டம்ளரைக்கூடச் சத்தம் வராமல்தான் மேசையில் வைத்தார்.