தஞ்சச் சாவடியில் சுண்ணாம்புப் பட்டை

வேணிபுரத்து மன்னர் சித்திரசேன பூபதிக்கு எதிரிகள் இருந்தார்களோ இல்லையோ, ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வெற்றிலை போட்டபின் விரல்களில் மிஞ்சும் சுண்ணாம்பைப் பக்கத்தில் எது இருந்தாலும் அதில் தடவிவிடுவார். தூண், தேர், அசந்து நிற்கும் தளபதியின் முதுகு, எதுவானாலும் சரி. மூன்று விரலால் ஒரே இழுப்பு, திருநீற்றுப் பட்டை மாதிரி. அதைக் கண்டிக்கும் துணிச்சல் மகாராணி ஒருவருக்குத்தான் உண்டு.

அந்த ஆண்டு ஆற்றுக்கு அக்கரையில் போர். உயிர்தப்பி வந்தவர்களுக்காக மன்னர் இரண்டு தஞ்சச் சாவடிகள் கட்டினார். கட்டிலும் கம்பளியும் வாங்கும் பொறுப்பு அரண்மனை அதிகாரி காளத்தியப்பருக்கு. மழை தொடங்கியதும் மன்னர் பார்வையிடப் புறப்பட்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் காளத்தியப்பருக்கு ஆயுள் முழுக்க அந்தப் பதவி.

முன்னே முரசு, பின்னே கொம்பு, நடுவில் யானை. 'திருடனைப் பிடிக்க இதைவிடச் சத்தமாகப் போக முடியாது' என்று நினைத்துக்கொண்டார் அமைச்சர் அரியநாயகம்.

முதல் சாவடியில் வரிசையாகப் புதுக் கட்டில்கள். மன்னர் ஒன்றில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கட்டில்காலில் பட்டை விழுந்தது.

"குறை ஏதும் உண்டா, தாயே?" என்று எதிரே நின்ற, அக்கரையிலிருந்து தப்பி வந்த செங்கமலத்தைக் கேட்டார். அவள் இடுப்பில் இருமும் குழந்தை.

"ஒன்றுமில்லை மகாராசா" என்றாள் அவள், காளத்தியப்பரைப் பார்த்தபடி.

அரியநாயகம் குழந்தையைப் பார்த்தார். கட்டிலில் படுக்கும் பிள்ளைக்கு முதுகெல்லாம் ஏது சேறு?

காளத்தியப்பருக்குத் திடீரென்று பக்தி பொங்கியது. "மன்னா, குளக்கரைப் பிள்ளையாரைக் கும்பிட்டு, மோர் அருந்தி, நிதானமாக அடுத்த சாவடிக்குப் போகலாமே?"

போனார்கள். அங்கும் வரிசையாகப் புதுக் கட்டில்கள். அரியநாயகம் குனிந்து குனிந்து பார்த்து, ஒன்றின் அருகே நின்றார்.

"ஐயா, இந்தக் கட்டில் எப்போது வந்தது?"

"போன மாதமே வந்துவிட்டது. அன்று போட்ட இடத்தைவிட்டு அசையவில்லை."

"காலில் ஏதோ பட்டை தெரிகிறதே?"

காளத்தியப்பர் விழித்தார். "அது... திருநீறு. காலையில் பூசை போட்டோம்."

"ஆகா! கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். புண்ணியம்."

மன்னர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி? காளத்தியப்பர் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"வெற்றிலை வேண்டுமா?" என்றார் அரியநாயகம் அன்போடு.

மன்னர் கட்டில்காலைப் பார்த்தார். தம் விரல்களைப் பார்த்தார். "அடே, இது என் பட்டை!"

"ஆமாம் மன்னா. நீங்கள் பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். கட்டில் மாட்டுவண்டியில் குறுக்குவழியாக வந்துவிட்டது."

முரசு இல்லாமல் முதல் சாவடிக்குத் திரும்பினார்கள். வெறும் ஈரத்தரையில் கோணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்துக் கொண்டிருந்தாள் செங்கமலம்.

அன்றே செங்கமலமும் மற்றவர்களும் காளத்தியப்பரின் மாடிவீட்டுக்குக் குடிபோனார்கள். எல்லாருக்கும் கட்டில் வந்து சேரும்வரை காளத்தியப்பருக்கு அந்தக் கோணி.

திரும்பும் வழியில் மன்னருக்கு மெல்லப் பெருமை தலைக்கேறியது. "பார்த்தீரா! என் பழக்கம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது! இனி நான் இஷ்டப்படி தடவுவேன். இதை மகாராணியிடம் நீரே போய்ச் சொல்லும்."

"சொல்கிறேன் மன்னா" என்றார் அரியநாயகம். "அதற்குமுன் தஞ்சச் சாவடியில் எனக்கும் ஒரு கட்டில் ஒதுக்கிவிடுங்கள்."