வாசல் தாண்டாத கட்டில்

திருப்பூரில் ஒரு சந்து முழுக்க லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்த நாச்சிமுத்துவை எதிர்த்துப் பேச அங்கே ஆள் கிடையாது. பனியன் கம்பெனியில் தைக்கும் தெய்வானை, செல்போனில் கிடைத்த பிளானைப் பிரிண்ட் எடுத்து, தன் ஒற்றை அறைக்குள்ளேயே கட்டில் செய்தபோது, "பேப்பரப் பார்த்துக் கட்டில் செய்யறாளாம்!" என்று சந்தே கேட்கச் சிரித்தவர் அவர்தான்.

அவள் வீட்டைக் காலி செய்த அன்று அவர் கண் கட்டில்மேல் விழுந்தது. வாசலைவிட அது அகலம்; சாய்த்தாலும் நுழையாது.

"வாசல் தாண்டாத சாமான் வீட்டோட சேர்ந்தது அம்மிணி. வேணும்னா ஒரு ஆணிகூடப் பிடுங்காம, எங்கயும் அறுக்காம வெளிய எடுத்துக்க. முடியலைன்னா என்னுது."

"வேற ஒண்ணும் இல்லைங்களே?"

"இல்ல" என்றவர், கையோடு தன் பழைய கட்டிலைப் பழைய சாமான் வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

வண்டி முக்குத் திரும்பும்வரை தெய்வானை காத்திருந்தாள். பிறகு மரச்சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டினாள். மர ஆப்புகள் கழன்று விழுந்தன. கட்டில் சட்டம் சட்டமாகப் பிரிந்து, வாசல் வழியே சாவகாசமாக வெளியே போனது.

"ஏய், ஆணி எங்க?"

"பிளான்லயே ஆணி கிடையாதுங்க."

வேடிக்கை பார்த்த சந்து சிரித்தது. நாச்சிமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப ராத்திரிக்கு நான் எதுல படுக்கறது?"

தெய்வானை பிளானை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"இதப் பார்த்துச் செஞ்சுக்குங்க. பேப்பரப் பார்த்துச் செஞ்ச கட்டில்தானுங்களே உங்களுக்குப் பிடிச்சுது?"