சுமைதாங்கிக்கு ஒரு பூட்டு

மலையடிவாரத்து மடத்தின் வாசலில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கல் தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல். உயரம் தோளளவு. தலையில் கூடையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல், கொஞ்சம் சாய்ந்து பாரத்தைக் கல்லுக்கு மாற்றிவிடலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பவும் தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக, அவள் வீட்டார் எந்தக் காலத்திலோ நட்ட கல் அது.

தில்லைநாயகம் மடத்துக்கு வந்து சீடரானபோது அவருக்கு வயது அறுபது. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். கல்லின் கதையைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. கல்லைக் கழுவி மஞ்சள் பூசினார். மாலை போட்டார். சுற்றிலும் கம்பி வேலி அடித்து, கதவு வைத்து, பூட்டும் போட்டார். சாவியைத் துண்டின் நுனியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

வேலி அடித்த சமயத்தில் குரு உலகம்மை மடத்தில் இல்லை. சீடரைவிட வயதில் மிகவும் சிறியவர். யாத்திரை முடிந்து நேற்றுத்தான் திரும்பியிருந்தார்.

இன்று காலை பூசைக்காக வேலிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போனார் தில்லைநாயகம். திரும்பி வந்து பார்த்தால், கல்லின் மேல் ஒரு கூடை. கூடை நிறையப் பலாப்பழம். அடியில் மாலை நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் பேச்சித்தாய் என்ற பழக்காரி பின்கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"யாரைக் கேட்டு இங்கே வெச்சே?"

"யாரைக் கேக்கணும்?"

"இது சாமி! பலாப்பழம் வெக்கிற பரணா?"

"ஆமா, பெரிய சாமி. நீரு பூட்டு போட்டதுல இருந்து மலையில இருந்து சந்தை வரைக்கும் இறக்காமலே போறோம். போன வாரம் எங்க மதினி கழுத்து பிசகி நடுரோட்டுல விழுந்தா. இன்னும் திரும்பிப் படுக்க முடியல. உம்ம சாமி வந்து தைலம் தேய்ச்சு விட்டுச்சா?"

"வாய் பேசாதே! எடு முதல்ல."

அவள் தலையைக் கொடுத்துக் கூடையை ஏற்றிக்கொண்டாள். நசுங்கிய பூ இரண்டு கூடையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. தில்லைநாயகம் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைத் திரும்பவும் துண்டில் முடிந்துகொண்டார். சத்தம் கேட்டு உலகம்மை வெளியே வந்தார்.

"பாருங்கம்மா, இந்த அக்கிரமத்தை! இந்தக் கல்லோட அர்த்தமே இவங்களுக்குத் தெரியல. இங்கே ஒரு பலகை வெச்சாத்தான் சரிப்படும். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதணும். ஒரே ஒரு சந்தேகம் உங்ககிட்ட கேக்கணும். சுமைக்கு இங்கிலீஷ்ல எந்தச் சொல்லைப் போடறது?"

"எத்தனை சொல் இருக்கு?"

"நிறைய இருக்கும்மா. வெயிட், லோடு, பர்டன்..."

"எல்லாம் ஒண்ணுதானே?"

"அய்யய்யோ, இல்லம்மா!" வாத்தியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒவ்வொண்ணுக்கும் தனி அர்த்தம்."

"அப்படின்னா நிதானமா சொல்லுங்க. பேச்சித்தாய், கூடையை ஐயா தலைக்கு மாத்து."

இருவரும் திகைத்தார்கள். பேச்சித்தாய்க்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"ஐயா கழுத்து எழுத்தாணி மாதிரியில்லா இருக்கு? தாங்குமா?"

அந்தப் பேச்சு தில்லைநாயகத்துக்கு ரோசத்தைக் கிளப்பியது. "வை" என்று தலையைக் குனிந்தார். அவள் தன் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி அவர் தலையில் வைத்து, அதன்மேல் கூடையை இறக்கினாள்.

"இப்போ சொல்லுங்க ஐயா."

"வெயிட்னா எடை. தராசுல தெரியறது. லோடுன்னா ஏத்தின சரக்கு. வண்டியில... கப்பல்ல..." கழுத்து உடம்புக்குள் இறங்குவதுபோல் இருந்தது. "பர்டன்னா..."

"பர்டன்னா?"

"சுமக்கிறவனை வருத்தறது. அது மனசுக்கும்... அம்மா, போதும்மா."

"நிறையச் சொல் இருக்குன்னீங்களே."

"இருக்கு. ஆனா இறக்கணும்."

"இறக்குங்க."

தில்லைநாயகம் கல்லை நோக்கி நடந்தார். கம்பி வேலி நெஞ்சில் இடித்தது. இரண்டு கையும் கூடையைப் பிடித்திருந்தன. சாவியோ துண்டின் முடிச்சில். கூடையைக் கீழே போட்டால் பழம் அத்தனையும் வெடித்துப்போகும். பேச்சித்தாய் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீ நில்லு" என்றார் உலகம்மை. "ரோட்டுல உனக்கு யாரு வந்து இறக்கி விடுறாங்க?"

"அம்மா, இது அநியாயம்!" தில்லைநாயகம் கத்தினார். கோபத்தில் குரல் உடைந்தது. "ஒரு மனுஷனுக்குக் கழுத்து ஒடியுது. கல்லு கண்ணு முன்னாடி சும்மா நிக்குது. இதைப் போய் எவன் பூட்டினான்?"

கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி அவர் காதிலேயே விழுந்தது.

பேச்சித்தாய்தான் பொறுக்க மாட்டாமல் நகர்ந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, பூட்டைத் திறந்தாள். தில்லைநாயகம் சாய்ந்தார். கூடை கல்லின் மேல் நகர்ந்து உட்கார்ந்தது. மிச்சமிருந்த பூவும் நசுங்கியது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"உக்காரும் ஐயா, கண்ணு இருட்டும்" என்று பேச்சித்தாய் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். சாவி அவள் கையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவர் மெல்லக் கேட்டார்.

"அப்போ பலகை வேண்டாமாம்மா?"

"ஏன் வேண்டாம்? 'இங்கே இறக்கி வைக்கலாம்'னு எழுதுங்க."

வாத்தியார் பழக்கம் அவரை விடவில்லை.

"இங்கிலீஷ்ல?"

கல்லில் ஒட்டிக்கிடந்த மாலை நாரைச் சுரண்டி எடுத்துக்கொண்டே உலகம்மை சொன்னார்:

"இங்கிலீஷ் பேசறவங்க யாராவது தலையில கூடையோட வரட்டும். இறக்கி வெச்சதுக்கு அப்புறம் அவங்ககிட்டயே கேட்டு எழுதலாம்."