நெப்டியூனுக்குப் போன மாப்பிள்ளை

தாமிரபரணிக்குத் தெற்கே தலையாட்டிகுளம் என்று ஒரு ஊர். பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். "எங்க ஊர்ல தலையாட்டின்னு ஒருத்தன்கூடக் கிடையாது" என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்வார். பக்கத்தில் நிற்கிற அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

அங்கே விடிவெள்ளி வாசகர் மன்றம் என்று ஒன்று உண்டு. தங்கமான மனிதர்கள். சொன்ன சொல்லை மீறமாட்டார்கள். மன்றத்துக்குப் பெயிண்ட் அடித்தவன் 'கதவைத் தொடாதீர்கள்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு, அதைக் கழற்றாமலே ஊருக்குப் போய்விட்டான். அது ஆகிவிட்டது ரெண்டு வருஷம். இன்றைக்கும் எல்லாரும் ஜன்னல் வழியாகத்தான் போய்வருகிறார்கள்.

ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை வானவியல் பேச வந்த மங்கையர்க்கரசி டீச்சரும் ஜன்னல் ஏறித்தான் உள்ளே குதித்தார். ஊர் ஊராகப் போய் நம்மைப் போன்றவர்களுக்கு விண்வெளியை விளக்குகிறவர் அவர். எத்தனையோ ஊர் பார்த்தவர் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. சேலையை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டார்.

"முதல்ல எல்லாரும் செல்போனை அணைச்சிடுங்க" என்றார். அணைத்தார்கள். திரும்பப் போடச் சொல்ல அவர் மறந்துபோனார் என்பதை இப்போதே உங்கள் காதில் போட்டுவைக்கிறேன்.

டீச்சர் அருமையாகப் பேசினார். "ஒளியை முந்திக்கிட்டு எந்தச் சேதியும் போக முடியாது. இப்ப சூரியன் திடீர்னு இல்லாமப் போச்சுன்னு வைங்க. பூமிக்கு அது எட்டு நிமிஷம் கழிச்சுத்தான் தெரியும். வியாழனுக்கு முக்கால் மணி நேரம். கடைசியில இருக்கிற நெப்டியூனுக்கு நாலு மணி நேரம் ஆகும்."

"பாவம்" என்றார் மன்றத் தலைவர் சுடலைமணி. அவருக்கு இளகிய மனசு.

தூரம் புரிய வேண்டுமே என்று டீச்சர் எல்லாரையும் வெளியே கூட்டிவந்தார். ஒரு பூசணிக்காய், ஒரு கடுகு, ஒரு நெல்லிக்காய், ஒரு சுண்டைக்காய் வேண்டும் என்றார். நம்பிராசன் வீட்டுக்கு ஓடினான். அன்றைக்கு அவன் வீட்டில்தான் காய்கறி குவிந்து கிடந்தது.

காரணம் உண்டு. அன்று மதியம் அவன் வீட்டுக்குப் பெண்வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தமே முடிந்தது. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் கை நனைந்தாக வேண்டும். இதுவரை வந்த இடமெல்லாம் நம்பிராசனுக்குத் தட்டிப்போயிருந்தது. அதிலும் இந்தச் செல்வியைக் கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருந்தான்.

டீச்சர் பூசணிக்காயை ஒரு ஸ்டூல்மேல் வைத்தார். "இதுதான் சூரியன். இது இவ்வளவு பெரிசுன்னா நம்ம பூமி இந்தக் கடுகு."

கடுகு செயலாளர் வேலாண்டியின் உள்ளங்கைக்குப் போயிற்று. வாங்கிய கையோடு தும்மினான்.

"ஐயோ, பூமியைக் காணோம்!"

மன்றமே மண்டிபோட்டுத் தேடியது. "எங்கலே விழுந்துச்சு?" என்று கேட்டார் சுடலைமணி.

"பூமியிலதான் அண்ணாச்சி."

டீச்சர் வேறொரு கடுகைக் கொடுத்து அவனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். வியாழனாகிய நெல்லிக்காயோடு பேச்சிமுத்து தெருமுனையில் நின்றான். நெப்டியூனாகிய சுண்டைக்காயோடு நம்பிராசன் ஊரைத் தாண்டிச் செங்கல்சூளைக்கே போய்விட்டான். மற்றக் கோள்களுக்கு ஆள் போதவில்லை. "நான் சொல்றவரைக்கும் யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது" என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து தொலைத்தது. அடுத்த ஊரிலும் டீச்சருக்குப் பேச்சு இருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டு, "போதும், எல்லாரும் வந்துடுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்திக் கையை ஆட்டினார். டிரைவர் அடித்த ஹாரனில் வார்த்தை போய்விட்டது, கை மட்டும் தெரிந்தது. இவர்களும் கையாட்டி வழியனுப்பிவிட்டு அவரவர் இடத்திலேயே நின்றார்கள்.

பன்னிரண்டரைக்கு நம்பிராசனின் அம்மா கோமதியம்மாள் வந்தாள். "கூட்டுக்கு வச்ச காயை எந்தக் கட்டையில போவான் எடுத்துட்டு வந்தான்?" என்று ஸ்டூலை நோக்கி நடந்தாள்.

சுடலைமணி குறுக்கே பாய்ந்தார். "மதினி, கிட்டப் போகாதீங்க! மேல்தோலே ஆறாயிரம் டிகிரி!"

"எனக்கு அங்க அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, தள்ளுங்க."

அவருக்கு இளகிய மனசு என்று சொன்னேன் அல்லவா? தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "சரி, இதை வச்சாவது பிடிச்சுத் தூக்குங்க. கை வெந்துரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கோமதியம்மாள் முழுச் சூரியனையும் நறுக்கிக் கூட்டில் போட்டுவிட்டாள்.

சுடலைமணி வேலாண்டியிடம் ஓடினார். "ஏலே, சூரியன் போச்சுலே!"

"எட்டு நிமிஷம் கழிச்சு வாங்க அண்ணாச்சி. எனக்கு இன்னும் தெரியாது."

"உன் கண்ணு முன்னாலதானே தூக்கிட்டுப் போனாங்க?"

"பார்த்தேன். ஆனா தெரியாது."

நியாயம்தான் என்று சுடலைமணிக்கும் பட்டது. அதுவரைக்கும் இருவரும் மழை தண்ணி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது நிமிஷம் வேலாண்டி கடுகை எறிந்துவிட்டு ஓவென்று அழுதான். பிறகு இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் கணக்குப் பார்த்துப் பேச்சிமுத்துவிடம் துக்கம் சொல்லப் போனார்கள். அவனுக்குப் பசி. வியாழனை உப்புத் தொட்டுத் தின்றிருந்தான்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி சேதி? நானே இல்லையே" என்றான்.

பெண்வீட்டார் செல்வியையும் கூட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கினார்கள். பந்திப்பாய் விரித்தாயிற்று. மாப்பிள்ளையைத்தான் காணோம்.

"மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார் செல்வியின் அப்பா.

"நெப்டியூன்ல நிக்கான்" என்றான் வேலாண்டி பெருமையாக.

செல்வியின் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "வெளிநாடா! யாருமே சொல்லலியே! ஊரு எப்படி?"

"குளிரு ஜாஸ்தி. தண்ணி வசதி தெரியல."

"லீவுக்கு எப்ப வருவாரு?"

"ஒரு சுத்து முடிஞ்சாத்தான் அங்க ஒரு வருஷம். டீச்சர் கணக்குக்கு அது நம்ம நூத்தி அறுபத்தஞ்சு வருஷம்."

செல்வியின் அப்பா பாயிலிருந்து எழுந்துவிட்டார். கோமதியம்மாள் மகனைச் செல்போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். அது காலையிலேயே அணைத்தது. ஓட்டமும் நடையுமாகச் செங்கல்சூளைக்குப் போனாள். சுண்டைக்காயை ஏந்திய கையோடு, வெயிலில் நட்ட கல் மாதிரி நின்றுகொண்டிருந்தான் மகன்.

"எய்யா நம்பி, வீட்டுக்கு வா. அந்தப் பூசணிக்காயை நான் அறுத்துட்டேன். சூரியனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"எத்தனை மணிக்கும்மா அறுத்தே?"

"பன்னெண்டரை இருக்கும்."

நம்பிராசன் விரல்விட்டு எண்ணினான். கண் கலங்கியது. "அப்ப நாலரைக்குத்தாம்மா எனக்குத் தெரியும். ராகு காலம் வந்துருமே!"

"நான்தான் இப்ப சொல்றேனே, பாவி!"

"ஒளிக்கே நாலு மணி நேரம் ஆகுது. அதை முந்தி ஒரு சேதியும் வர முடியாதுன்னு டீச்சர் சொன்னாங்க." அவன் அம்மாவை மேலும் கீழும் பார்த்தான். "நீ எப்படிம்மா அதுக்குள்ள வந்தே?"

கோமதியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த சுடலைமணி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "மதினி ஒளியைவிட வேகமா வந்துருக்காங்கலே!" இந்த வயதில் இப்படி ஒரு ஓட்டமா என்று கூடவே வந்த பேச்சிமுத்துவும் வியந்தான். நம்பிராசன் மட்டும் அழுதான். "செல்வி போயிருவாளே! ஆனா நான் அசைஞ்சா நெப்டியூன் என்ன ஆகும்?"

விஷயம் வீட்டுக்கு எட்டியது. செல்வியின் அப்பா வேனை எடுக்கச் சொன்னார். செல்வி அடுக்களைக்குள் போய்க் கூட்டுச் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வாழையிலையையும் எடுத்துக்கொண்டு, விறுவிறு என்று சூளைக்கு நடந்தாள். வேறு வழியில்லாமல் சோற்றுப் பானையும் சாம்பார் வாளியுமாக எல்லாரும் பின்னால் போனார்கள்.

அவன் காலடியில் இலையைப் போட்டாள். ஒரு கரண்டி கூட்டு வைத்தாள்.

"இது என்ன, பாருங்க."

குனிந்து பார்த்தான். "பூசணிக்காய்."

"எந்தப் பூசணிக்காய்?"

"எங்க வீட்டு... சூரியன்!"

"சூரியனே உங்க இலைக்கு வந்துட்டு. இதுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரு முழம்."

"ஒரு முழம் வர ஒளிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

நம்பிராசன் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்கு இப்பவே தெரியும்! சூரியன் போச்சு!" என்று சந்தோஷமாகக் கூவிச் சுண்டைக்காயை வீசிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தான்.

செல்வியின் அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மாப்பிள்ளை உள்ளூரிலேயே இருக்கிறான், மகளுக்கும் பிடித்திருக்கிறது. அவரும் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். நாலரைக்கு முன்பே அத்தனை பேர் கையும் நனைந்துவிட்டது. கோமதியம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலையாட்டிகுளத்துக்கு ஒருவழியாகப் புத்தியுள்ள ஒருத்தி வாழ வருகிறாள் என்று எனக்கும் மனசு நிறைந்துதான் போனது.

அப்போது செல்வி மேற்கே பார்த்தாள். பனைமரங்களுக்கு மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறியது.

"அத்தை, சட்டுனு எந்திரிங்க! சூரியனைத் தின்னு முடிச்சாச்சு. இப்ப தெரியுறது மிச்ச வெளிச்சம். எட்டு நிமிஷத்துல இருட்டிரும், அதுக்குள்ள பாத்திரத்தைக் கழுவிரணும்!"

ஊரே எழுந்து ஓடியது. ஆடுகளை அடைத்தார்கள், பிள்ளைகளைத் தூங்கச் சொன்னார்கள், வேலாண்டி பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றவைத்துத் தெருவில் தொங்கவிட்டான். பிறகு எல்லாரும் மேற்கே பார்த்து உட்கார்ந்தார்கள். எட்டு நிமிஷம் போயிற்று. ஒரு மணி நேரமும் போயிற்று. யாரும் எழவில்லை. கடைசியில், டீச்சர் சொன்னபடியே இருட்டியது.

"கொஞ்சம் லேட்டுதான்" என்றான் பேச்சிமுத்து.

"பின்னே?" என்றார் சுடலைமணி. "பெரிய பூசணிக்காய்லா!"